நாலு பக்கத்துக்கு ஒரு வரி

தம்பி,

நீ இதைக் கெதியா வாசிச்சு முடிக்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருசம் உன்னை இழுத்துக்கொண்டு திரிஞ்சும், ஒரு கல்யாண அழைப்புக் காட்டை வாசிக்க உனக்குக் கால் மணித்தியாலம் வேணும். ஆங்கிலத்திலை எழுதியிருந்தால் உனக்குச் சுகம். எனக்கும் ஏலும், அதை வச்சுத்தானே ஒரு காலத்திலை சோறு திண்டனான். ஆனா இந்தக் கடிதம் தமிழிலைதான் இருக்கவேணும். ஏனெண்டு வாசிச்சு முடிக்கேக்கை உனக்கு விளங்கும். ஒரேயடியா வாசிக்க ஏலாட்டில் ரயிலிலை கொஞ்சம், சாப்பாட்டு நேரத்திலை கொஞ்சமா வாசி. அவசரமில்லை எண்டு சொல்ல வந்தனான், ஆனா அவசரம் இருக்கு. உன்ர பட்டியல் இந்த மாத முடிவிலை இணையத்துக்குப் போகுது எண்டு நீதானே சொன்னனீ.

மூண்டு கிழமைக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை நீ குட்மேய்சிலை எங்கட வீட்டை வந்தனீ. அம்மா புட்டு அவிச்சவ. சாப்பிட்டு முடிச்ச கையோடை, பையுக்குள்ளை இருந்து ஒரு போட்டோக் கொப்பியை எடுத்து மேசையிலை வச்சனீ. நீ வேலை செய்யிற நூலகத்துக்கு, எங்கட நாட்டிலை முந்தி இருந்த ஒரு ஜனாதிபதியின்ர காலத்து அதிகாரிகளின்ர பத்திரங்கள் பெட்டி பெட்டியா வந்து கிடக்கு எண்டும், அதிலை ஒரு செயலாளரின்ர பெட்டிகளை நீதான் பட்டியல் போடுறாய் எண்டும் முந்தியே சொல்லியிருந்தனீ. அந்தக் கொப்பியிலை ஒரு துண்டுத் தாள். அதிலை ஆங்கிலத்திலை தட்டச்சடிச்ச ஒரே ஒரு வரி. அதுக்குக் கீழை இடப்பக்கத்திலை பென்சிலாலை ஒரு சின்னக் கையொப்பம். "அப்பா, இது உங்கட இனிஷலோ? என்ர ஸ்கூல் ரிப்போர்ட்டிலை நீங்கள் போடுற மாதிரியே கிடக்கு" எண்டு கேட்டனீ. நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பாத்துப்போட்டு, "இல்லை. அந்தக் கந்தோரிலை கனபேர் வேலை செய்தவை" எண்டு சொன்னன். அம்மா குசினி வாசலிலை நிண்டவ. திரும்பி உள்ளை போனவ. நீயும் நம்பினனீ. நம்பாமல் விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு களைப்பு வந்திருக்காது.

அது என்ர கையொப்பம்தான். அந்தப் பெட்டிகளுக்குள்ளை அதே மாதிரி இன்னும் இருநூறு முந்நூறு இருக்கும். எல்லாம் என்ரதான்.

நீ போறதுக்கு முதல் சொன்ன ரெண்டு விசயம்தான் என்னை இண்டைக்கு எழுத வச்சது. ஒண்டு, தமிழ்க் கடிதங்கள் வாசிக்க உனக்கு நேரம் போகுதாம், அதாலை மேலை குத்தியிருக்கிற ஆங்கிலச் சுருக்கத்தை அப்பிடியே பாத்துப் பட்டியலிலை போடுறியாம். மற்றது, இந்த ஒரு வரித் துண்டுக்குப் பின்னாலை நாலு பக்கக் கடிதம் இருக்காம். "பாவம், மனுசி சொன்னதையே சொல்லி நீட்டி நீட்டி எழுதியிருக்கிறா போல" எண்டு சொல்லிச் சிரிச்சனீ. கெட்ட சிரிப்பில்லை, எனக்குத் தெரியும். ஆனா அந்த மனுசி நீட்டேல்லை தம்பி. நான்தான் வெட்டினனான். இப்ப நீ என்ர வெட்டைப் பாத்து எழுதப்போறாய். உன்ர பட்டியல் போனபிறகு ஆரும் அந்தப் பெட்டியைத் தேடித் திறக்கமாட்டினம். அந்த வரிதான் நிண்டுபிடிக்கும்.

என்ர வேலை என்னெண்டு உனக்கு நான் ஒருநாளும் வடிவாச் சொன்னதில்லை. கொழும்பிலை "கவுண்மேந்து வேலை" எண்டு மட்டும் சொல்லியிருப்பன். ஜனாதிபதிக்கு எண்டு சனம் எழுதிற மனுக்கள் ஒரு பகுதிக்கு வரும். சிங்களத்திலை வாறதைப் பாக்க ஆக்கள் இருந்தவை, தமிழிலை வாறதைப் பாக்க நானும் இன்னொருத்தரும். நாங்கள் கடிதத்தை வாசிச்சு, ஆங்கிலத்திலை சுருக்கி, தட்டச்சடிச்சு, அந்தத் துண்டைக் கடிதத்துக்கு மேலை குத்தி, கீழை பென்சிலாலை கையொப்பம் வச்சுச் செயலாளருக்கு அனுப்பவேணும். அவர் துண்டை மட்டும்தான் வாசிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, நேரமும் இல்லை. துண்டிலை சிவப்பு மையாலை ஒரு சொல்லு எழுதுவார். அந்தச் சொல்லுத்தான் அந்தக் கடிதத்தின்ர விதி.

செயலாளர் கெட்ட மனுசன் இல்லை. இதை நீ நம்பவேணும். ஒருக்கா வவுனியாப் பக்கம் ஒரு தகப்பன், தன்ர பெடியனைச் சோதனைச் சாவடியிலை பிடிச்சுக்கொண்டு போட்டினம் எண்டு எழுதியிருந்தார். நான் ஏழு வரி எழுதினனான். எந்தச் சாவடி, எத்தினை மணி, பெடியன் போட்டிருந்த சேட்டு, எல்லாம். செயலாளர் அந்த ஏழு வரியையும் வாசிச்சு, சாவடியின்ர பெயருக்குக் கீழை கோடு கீறி, தானே தொலைபேசியை எடுத்தவர். கொஞ்ச நாளிலை பெடியன் வீட்டை வந்திட்டான். அந்தச் சந்தோசம் எனக்கு எப்பிடி இருந்தது எண்டு எழுதத் தெரியேல்லை. அண்டைக்கு வெள்ளவத்தையிலை உனக்கும் அம்மாவுக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தனான். ஏனெண்டு நீ கேக்கேல்லை, நீ அப்ப முதலாம் வகுப்பு.

பிழைச்சது அதுக்குப் பிறகு. அந்தத் தகப்பன் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்து, கந்தோருக்குள்ளையே பனையோலையிலை இழைச்ச ஒரு உமல் நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்து என்ர மேசையிலை வச்சிட்டார். வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறார். எல்லாரும் பாக்கினம். அவர் போனபிறகு எங்கட தலைமைக் கிளாக்கர், நல்ல பகிடிக்காரன், உமலைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து மணந்துபோட்டுக் கேட்டார்: "ஏழு வரிக்கு ஒரு உமல் எண்டால், பத்து வரிக்கு என்ன தருவினம்? நீர் மொழிபெயர்ப்பாளரோ, இவைக்காக வழக்குப் பேசுற அப்புக்காத்தோ?" கந்தோர் முழுக்கச் சிரிச்சது. நானும் சிரிச்சனான். பழத்தை எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தனான். நான் ஒண்டும் தின்னேல்லை.

உனக்கு இது ஒரு சின்னப் பகிடியாத் தெரியும். அந்தக் காலத்திலை, அந்தக் கந்தோரிலை, எங்கட ஆக்கள் நாலைஞ்சு பேர்தான். நாங்கள் எங்கட சனத்துக்கு ஒரு பக்கமாச் சாயுறம் எண்டு ஒருத்தன் நினைச்சால் காணும், கதிரை போயிடும். கதிரை மட்டும் போனால் அதிட்டம். அதாலை நான் ஒரு கணக்குப் போட்டன். சிங்களக் கடிதத்துக்கு அவையள் மூண்டு வரி எழுதேக்கை தமிழ்க் கடிதத்துக்கு நான் ரெண்டு வரி எழுதினால், ஆரும் என்னைக் குறை சொல்ல ஏலாது. நேர்மையான ஆள் எண்டு பெயர் வரும். வந்தது. தலைமைக் கிளாக்கரே ஒருநாள் முதுகிலை தட்டி, "இப்ப பாரும், எவ்வளவு துப்பரவா இருக்கு உம்மட வேலை" எண்டார். எனக்கு அது பெருமையா இருந்தது, தம்பி. அதைத்தான் இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு. பயத்திலை செய்தது ஒரு பக்கம். ஆனா அந்தத் தட்டலுக்கு ஆசைப்பட்டு நான் இன்னும் நல்லா வெட்டினனான்.

அந்த நேரத்திலைதான் மகேஸ்வரி எண்ட மனுசியின்ர முதல் கடிதம் வந்தது. மகன் தவசீலன், பத்தொன்பது வயது, சைக்கிளிலை மாவு வாங்கப் போனவனை ஆமிக்காரர் ஏத்திக்கொண்டு போட்டினம். அதுக்கு ரெண்டு வரி எழுதினனான். மனுதாரர் தன் மகனைக் காணவில்லை என்கிறார், கண்டுபிடிக்க உதவி கோருகிறார். தவசீலன் எண்ட பெயரைக்கூட எழுதேல்லை. "மகன்" எண்டு போட்டால் காணும் எண்டு நினைச்சன். செயலாளர் "கடிதம் கிடைத்தது என அறிவிக்கவும்" எண்டு சிவப்பு மையாலை எழுதினார். ஒரு அச்சடிச்ச காட் அந்த மனுசிக்குப் போனது.

ரெண்டாவது கடிதம் ஒரு மாதத்துக்குள்ளை வந்தது. பள்ளிக்கூடக் கொப்பியிலை கிழிச்ச தாள், நாலு பக்கம். குண்டூசி இல்லைப் போல, மூலையிலை பச்சை நூலாலை தைச்சிருந்தவ. நான் அதை முழுக்க வாசிச்சனான். வாசிக்காமல் எழுதிப்போட்டன் எண்டு சொன்னால் கொஞ்சம் தப்பலாம், அப்பிடி இல்லை. அதிலை என்ன இருந்தது எண்டால், அவ காம்ப் காம்பா ஏறி இறங்கியிருக்கிறா. ஒரு காம்பின்ர பின்பக்கம், தண்ணி பவுசர் லொறி நிக்கிற இடத்திலை, கம்பி வேலிக்கு அங்காலை மகனைக் கண்டிருக்கிறா. ஒரு காலிலை மட்டும் செருப்பு. வாளி தூக்கிக்கொண்டு வந்தவன் இவவைக் கண்டு நிண்டு, "அம்மா, சாப்பிட்டனீங்களோ?" எண்டு கேட்டானாம். அவ ஓம் எண்டாவாம். பொய்தானாம், ரெண்டு நாளாச் சாப்பிடேல்லையாம். உடனை ஒருத்தன் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனானாம். காம்பின்ர பெயர், நாள், நேரம், எந்தப் பக்கத்து வேலி எண்டு எல்லாம் எழுதியிருந்தவ. கடைசியிலை, "ஐயா, என்ர பிள்ளை காணாமல் போகேல்லை, இருக்கிற இடம் எனக்குத் தெரியும், விடச் சொல்லி ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" எண்டு எழுதியிருந்தவ.

நான் தட்டச்சு மெசினிலை தாளைச் சுத்தினனான். அண்டைக்குத் தலைமைக் கிளாக்கர் எனக்குப் பின்னாலை நிண்டு ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டவர். என்னைப் பாக்கக்கூட இல்லை. ஆனா அவர் நிக்கிறார் எண்டது என்ர முதுகுக்குத் தெரியுது. நாலு பக்கம் கையிலை கிடக்கு. எழுதினால் ஏழு எட்டு வரி வரும். திரும்பவும் ஒரு உமல் மாம்பழம் வந்தால் என்ன செய்வன் எண்டு, சத்தியமா, அதைத்தான் யோசிச்சனான். பிறகு நீ மேசையிலை கொண்டுவந்து வச்ச அந்த வரியை அடிச்சன். "மனுதாரர் முன்னைய கோரிக்கையை மீண்டும் வலியுறுத்துகிறார்." பென்சிலாலை கையொப்பம் வச்சன். செயலாளர் "கோவையிலிடுக" எண்டு எழுதினார். கடிதம் பைலுக்குள்ளை போனது. அவர் என்ன செய்வார்? அவருக்கு நான் குடுத்தது அவ்வளவுதான்.

பின்னேரம் வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னனான். சொன்னால் மனம் ஆறும் எண்டு நினைச்சன். அவ உனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தவ. சீப்பை நிப்பாட்டிப்போட்டு, "இன்னும் ரெண்டு வரி எழுதியிருந்தால் உங்களிலை என்ன குறைஞ்சு போயிருக்கும்?" எண்டு கேட்டவ. நான் கந்தோர் நிலவரம் உனக்கு விளங்காது எண்டு கத்தினன். அவ திரும்பவும் உன்ர தலையை இழுக்கத் தொடங்கினவ. அடுத்தநாள் கோவையைக் கேட்டு எடுத்து ஒரு புதுத் துண்டு குத்தலாம் எண்டு நினைச்சன். அடுத்தநாள் வேறை கடிதங்கள் வந்திட்டுது. அப்பிடியே போட்டுது.

அதோடை விட்டிருந்தால் அந்த மனுசியை எனக்கு ஒரு கடிதமாத்தான் தெரிஞ்சிருக்கும். ரெண்டு மாதத்துக்குப் பிறகு அவ நேரை வந்திட்டா. சின்ன உருவம், கையிலை ஒரு சீலைப் பை. தமிழ் தெரிஞ்ச ஆள் எண்டு என்னைத்தான் வாசலுக்குக் கூப்பிட்டினம். அந்த அச்சடிச்ச காட்டை அவ பொலித்தீன் உறைக்குள்ளை வச்சிருந்தவ. "ஐயா, நான் ரெண்டாவதா எழுதினதைப் பெரியவர் பாத்தவரோ?" எண்டு கேட்டா. நான், "பாத்தவர், அம்மா" எண்டன். அவவின்ர முகம் தெளிஞ்சுது. "பாத்தால் காணும் ஐயா. பாத்தால் ஏதும் செய்வார்" எண்டு சொல்லி, என்னைக் கும்பிட்டுப்போட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு போட்டா. அதுக்குப் பிறகு கடிதமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. பெடியன் வந்திட்டானோ, வராமல் விட்டானோ, எனக்குத் தெரியாது. நான் ஏழு வரி எழுதியிருந்தாலும் வராமல் விட்டிருக்கலாம். அப்பிடிச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் படுத்து எழும்புறன். இந்த வருசம் அந்தச் சமாதானமும் வேலை செய்யுதில்லை. சித்திரை வைகாசியிலை, நாட்டிலை சண்டையை நிப்பாட்டச் சொல்லி இங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு முன்னாலை எங்கட சனம் நிண்ட நேரம், நீயும் அம்மாவும் போனீங்கள், நான் முழங்கால் நோ எண்டு வீட்டிலை இருந்தனான். ஒரேயொரு நாள் உங்களுக்குச் சொல்லாமல் வந்தனான். காணாமல் போன பிள்ளையளின்ர படங்களைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்ட தாய்மாரைக் கண்டிட்டு, ஐஞ்சு நிமிசத்திலை திரும்பி ரயில் ஏறிப்போட்டன்.

ஒண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் லண்டனுக்கு வந்த புதிசிலை, குரோய்டனிலை அந்தப் பெரிய கட்டடத்துக்கு அகதி விசாரணைக்குப் போனது. உனக்கு ஏழு வயது, கையிலை ஒரேஞ் யூஸ் பெட்டி. ஆங்கிலம் தெரிஞ்சாலும் தமிழிலைதான் சொல்லவேணும், இல்லாட்டில் சொல்லுப் பிசகிடும் எண்டு ஆரோ அறிஞ்ச ஆள் எனக்குப் புத்தி சொல்லியிருந்தவர். கொழும்பிலை எங்கட வாடகை வீட்டைப் பொலிஸ் சோதிக்க வந்தது, என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி வச்சது எல்லாத்தையும் பத்து நிமிசம் சொன்னன். மொழிபெயர்க்க இருந்த பெடியன் அதை ரெண்டு வசனத்திலை சொல்லி முடிச்சிட்டான். நான் கதிரையை விட்டு எழும்பி, "நான் சொன்னதெல்லாம் எங்கையடா?" எண்டு கத்தினன். நீ பயந்து அழுதனீ. கன வருசம் அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணினனீ. திரும்பி வரேக்கை ரயிலிலை அம்மா யன்னலைப் பாத்துக்கொண்டு வந்தவ. என்னைப் பாக்காமலே, "இப்ப விளங்குதோ?" எண்டு மட்டும் கேட்டவ. எனக்கு நல்லா விளங்கினது. அந்தப் பெடியனிலை எனக்கு இப்ப கோவமில்லை. அவனுக்கும் பின்னாலை ஆராவது நிண்டிருப்பினம்.

இவ்வளவையும் உனக்குச் சொல்லாமலே சாகலாம் எண்டுதான் இருந்தனான். அந்தச் செயலாளர் பதவி போகேக்கை தன்ர கோவைகளைப் பெட்டி கட்டி வீட்டை கொண்டுபோனவர் எண்டு கேள்விப்பட்டனான். பெரிய அதிகாரிகள் எல்லாரும் அப்பிடித்தான். அவர் கடைசிக் காலத்திலை மகளோடை இங்கை வந்து இருந்து செத்தார் எண்டும், மகள் பெட்டிகளை ஒரு நூலகத்துக்குக் குடுத்தா எண்டும் நீ சொல்லித்தான் தெரியும். எத்தினை நூலகம், எத்தினை பேர் இந்தப் பட்டணத்திலை. அது உன்ர மேசைக்கு வரவேணும் எண்டு எழுதியிருக்கு. எனக்கு உன்னிலை பயமாக் கிடக்கு, தம்பி. இவ்வளவு நாளும் நீ அப்பாவை ஒரு நேர்மையான கிளாக்கர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனீ. அது போனால் போகட்டும். நேரை சொல்லத் துணிவில்லாமல்தான் எழுதுறன். அம்மாதான் தாளும் பேனையும் கொண்டுவந்து முன்னாலை வச்சவ.

புத்தி சொல்லுற நிலைமையிலை நான் இல்லை. இருந்தாலும் தகப்பன் எண்டால் ஏதும் சொல்லாமல் முடிக்க ஏலாது. உன்ர பொஸ் ஒரு மனுவுக்கு ஒரு வரி எண்டு சொல்லியிருக்கிறா எண்டாய். அவவோடை சண்டை பிடிக்கச் சொல்லேல்லை. சில கடிதத்துக்கு ஒரு வரி காணும். ஆட்டோ பெர்மிட் கேட்டு எழுதினவையும் இருக்கினம். எதுக்குக் காணும், எதுக்குக் காணாது எண்டு பின்னாலை இருக்கிறதை வாசிச்ச ஆள்தான் சொல்லவேணும். பக்கத்து மேசையிலை ஒருத்தன், "உங்கட ஆக்களின்ர பெட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" எண்டு கேப்பான். கேக்காமல் இருக்கமாட்டான். அண்டைக்கு நீ சிரிச்சுக்கொண்டு பழம் வெட்டாதை.

நான் மேலை எழுதினதெல்லாம் இருபது வருசத்துக்கு முந்தி வாசிச்சதை ஞாபகத்திலை எழுதினது. என்ர ஞாபகத்தைப் பாத்தும் நீ பட்டியல் போடவேண்டாம். ஒருக்கா என்னை நம்பினது காணும். பெட்டியைத் திற. என்ர துண்டைக் கழட்டி ஒரு பக்கத்திலை வை, எறியாதை, அதுவும் இருக்கவேணும். பச்சை நூல் தைச்ச நாலு பக்கத்தையும் நீயே வாசி. மெதுவா வாசி. அவவின்ர கையெழுத்து வட்ட எழுத்து, வடிவா இருக்கும். இந்தக் கடிதத்தை இவ்வளவு தூரம் வாசிச்ச உனக்கு அதுவும் ஏலும். எங்கையாவது தடக்கினால் போன் எடு, நான் வாறன். முழங்கால் நோ ஒண்டும் அவ்வளவில்லை. உன்ர மேசைக்குப் பக்கத்திலை ஒரு கதிரை போட்டால் காணும், நான் சத்தமா வாசிக்கிறன், ஒரு சொல்லும் விடமாட்டன். பிறகு உன்ர பட்டியலிலை அந்தப் பெடியனின்ர பெயரைப் போடு. தாய் அவனை உயிரோடை கண்ட இடத்தையும் நாளையும் போடு. சுருக்கி எழுதினது ஆர் எண்டு ஒரு இடம் இருந்தால், அதிலை என்ர முழுப்பெயரையும் போடு.

ரெண்டு வரி கூடும். கூடட்டும்.

அப்பா